செல்வமேரி பெயரில் ஒரு துளி

அத்தியாயம் 6

“அந்த ரத்தம் என்னுது இல்ல” என்றாள் செல்வமேரி.

மண்ணூரில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை வீடு. ஆறு மாத வயிற்றோடு கயிற்றுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகிற கட்சிக்காரர்கள் துப்பறியும் எவாஞ்சலினுக்குப் பழக்கம். கோபப்படுகிற கட்சிக்காரர்களைத்தான் அவளுக்குப் பிடிக்கும்.

எவாஞ்சலின் நாற்பதைத் தாண்டியவள். செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று விசாரித்து எழுதும் இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தில் இருந்தாள். ஒரு பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொன்ன அன்றைக்கு மேலதிகாரியின் மேஜையில் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது படப்பையில் சைக்கிள் கடைக்கு மேலே ஆபீஸ். அந்த ஆபீஸின் குமாஸ்தா, டிரைவர், வாய் மூன்றும் நடேசன்தான். மண்ணூர்க்காரன். ஊரில் எந்த நாய் யாரைக் கடித்தது என்பதுவரை அவனுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். செல்வமேரி வேலை பார்ப்பது ஒரகடம் ரோட்டில் இருக்கிற தகடு கம்பெனியில். பேட்டரிக்குள் வைக்கிற தகடுகளை ஈயம் உருக்கி வார்க்கிற இடம். போன வருஷம் அவளுடைய தலைச்சன் பிள்ளை குறைமாதத்தில், வெளுத்துப் போய், உள்ளங்கை அகலத்தில் பிறந்தது. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் அந்தக் குழந்தையின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பு அணுக்களுக்குள் நீலநீலமாகப் புள்ளி இருக்கிறது, இது ஈயம் செய்கிற வேலை, தாயின் ரத்தம் வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது என்றார்.

இந்த முறை உண்டானதும் செல்வமேரி கம்பெனியில் கேட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளை உருக்கும் ஷெட்டிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்றாள். கம்பெனி சிரித்தது. அவள் பெட்டிஷன் போட்டாள். பதிலுக்குக் கம்பெனி ஒரு மரப்பெட்டியைக் காட்டியது. ஷெட்டில் வேலை செய்யும் கர்ப்பிணிகள் எல்லாருடைய ரத்தமும் கண்ணாடி ஸ்லைடுகளில் தடவிச் சாயம் ஏற்றி வைத்திருந்தது. ஒன்றில்கூட நீலப் புள்ளி கிடையாது. செல்வமேரி பெயர் போட்ட ஸ்லைடும் அதில் இருந்தது.

“வயித்துப்புள்ளகாரிங்களுக்கு டெஸ்ட் கெடையாதுன்னு சொல்ட்டாங்க. நாலு மாசமா என் வெரல யாரும் தொடல. அப்பால என் பேர்ல ரத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.

இன்றைக்கு மூன்று மணி ஷிப்ட் மாறும்போது தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். பெட்டியைப் பார்த்து, பெட்டிஷன் பொய் என்று எழுதிவிட்டால் நாளைக்கு அவள் மறுபடியும் அந்தப் புகைக்குள் போக வேண்டும். போக மாட்டேன் என்றால் அவளுக்கும், அதே கம்பெனியில் லோடிங்கில் இருக்கும் அவள் புருஷன் ரகுவுக்கும் சேர்த்து வேலை போகும். இருவரும் சாதி, மதம் இரண்டையும் தாண்டிக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியாகிவிட்டது. தட்டிச் சோறு கேட்க வேறு கதவு இல்லை.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாளும் அதே ஷெட்தான், அவளும் முழுகாமல் இருப்பவள். டெஸ்ட் எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டாள். அதற்குமேல் கேட்டால் அவள் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

தரையில் பாயில் ரகு கிடந்தான். புரட்டாசி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருக்க, அவன் கம்பளிக்குள் சுருண்டு பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக இப்படித்தானாம். ஒரு நாள் குளிர் காய்ச்சல், மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விடுவானாம்.

“இன்னா தலைவரே, மண்ணூர்லயே ஊட்டியா?” என்றான் நடேசன்.

ரகு சிரிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பொல்லாதவர்கள், இத்தோடு விட்டுவிடுங்கள் என்று எவாஞ்சலினிடம் முனகினான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

*

மேனேஜர் முனிரத்தினம் எதிர்பார்த்ததைவிட இனிமையானவர். இனிமையான மேனேஜர்களைக் கண்டால் எவாஞ்சலினுக்கு ஆகாது.

செல்வமேரியின் விரலில் அன்றைக்குக் காலையிலேயே ஒரு துளி எடுத்து ஸ்ரீபெரும்புதூர் லேபில் பார்த்தாகிவிட்டது, நீலப் புள்ளிகள் இருக்கின்றன என்று எவாஞ்சலின் சொன்னாள். அதற்கென்ன என்றார் முனிரத்தினம். வீட்டில் கலப்பட ஈயச் சொம்பில் ரசம் வைத்திருப்பாள், அதற்குக் கம்பெனி என்ன செய்யும், மற்றப் பெண்களின் ரத்தமெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கிறதே என்றார்.

“அவுங்க வூட்ல ரசம் வெக்கறதே இல்ல சார். தெனம் மீன் கொழம்புதான். மண்சட்டில” என்றான் நடேசன்.

முனிரத்தினம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மரப்பெட்டியைத் தானே எடுத்து எவாஞ்சலின் முன்னால் தள்ளினார். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் வருவதற்குள் திரும்பி வந்தால் போதும் என்றார். பயம் இல்லாதவனின் பெருந்தன்மை அது. பயம் ஏன் இல்லை என்பதுதான் எவாஞ்சலினைக் குடைந்தது.

“யக்கா, திருடன் தானா வந்து மடிய அவுத்துக் காட்றான்னா பொருளு வேற எங்கியோ கீதுன்னு அர்த்தம்” என்றான் நடேசன், ராஜ்தூத் பைக்கை உதைத்தபடி.

மே மாதம் அங்கே குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குள் மூட்டை முடிச்சோடு நுழைகிறவர்களைப் போலீஸ் நிறுத்தாமல் விடுவதில்லை. அன்றைக்கும் நிறுத்தியது. பெட்டியில் என்ன என்று கான்ஸ்டபிள் கேட்டார். நடேசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ரத்தம் சார் என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்லைடாக வெயிலில் தூக்கிப் பார்த்து, ஒரு ரைட்டர் வந்து, ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து, எல்லாரும் கைகழுவி முடிப்பதற்குள் அரைமணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. எவாஞ்சலின் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை.

*

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேப் நடத்தும் லூர்துராஜ் வள்வள் என்று விழுகிற மனிதர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார், அதையும் சலித்துக்கொண்டே சொல்வார். பெட்டியிலிருந்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் செருகிப் பார்த்தார். எல்லாம் சுத்தம், ஒரு புள்ளி இல்லை என்றார். செல்வமேரி பெயர் போட்ட ஸ்லைடில் மட்டும் கொஞ்சம் நின்றார். ஈயம் இல்லை, ஆனால் இந்த அம்மாவுக்கு மலேரியா இருக்கிறது, சிவப்பு அணுவுக்குள் கிருமி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றார்.

“அவளுக்கு ஜுரமே இல்லையே” என்றாள் எவாஞ்சலின். காலையில் எடுத்த ஸ்லைடிலும் அப்படி எதுவும் இல்லை என்று லூர்துராஜே ஒப்புக்கொண்டார்.

எவாஞ்சலின் பையிலிருந்து பொட்டுக்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் மூளை பொட்டுக்கடலையில்தான் ஓடும் என்பது நடேசனின் நம்பிக்கை. கர்ப்பம் ஆனால் ரத்தத்தில் என்னென்ன மாறும் என்று கேட்டாள். வெள்ளணுக்கள் கூடும், ரத்தம் கொஞ்சம் நீர்த்துப் போகும் என்றார் லூர்துராஜ். இதில் அதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் மறுபடி குனிந்தார். நிமிரும்போது சலிப்பு போயிருந்தது. இல்லை, ஒன்றில்கூட இல்லை என்றார்.

“சார், ரத்தத்த வச்சு அது ஆம்பளையா பொம்பளையான்னு சொல்ல முடியுமா?”

லூர்துராஜ் அவளை விநோதமாகப் பார்த்தார்.

“இருபது வருஷமா லேப் வெச்சிருக்கேன். வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு கேக்காத ஆள் இல்ல. ரத்தம் குடுத்தது ஆணா பொண்ணான்னு நீங்கதான் மொத மொத கேக்கறீங்க.”

முடியும் என்றார். பெண்ணின் ரத்தமாக இருந்தால், நூறு வெள்ளணுவில் இரண்டு மூன்றிலாவது, நடுவில் இருக்கும் உட்கருவின் ஓரத்தில் சின்ன மேளக்குச்சி மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். ஆணுக்கு அது கிடையாது. ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்து தேடினார். முதலில் காலையில் எடுத்த செல்வமேரியின் ஸ்லைடைப் போட்டார். நீலப் புள்ளிகளோடு மேளக்குச்சியும் சீக்கிரமே அகப்பட்டது. பிறகு கம்பெனிப் பெட்டி. ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினார். குச்சி எதிலும் இல்லை.

“அத்தனையும் ஆம்பள ரத்தம்” என்றார்.

“இத்தினி ஆம்பளைங்க முழுவாம கீறாங்க, கம்பெனி ஒரு ஸ்வீட் குடுக்கல பாரு” என்றான் நடேசன்.

கம்பெனியில் ரத்தம் எடுக்கிற கம்பவுண்டர் தன் விரலையே குத்திப் பெட்டியை நிரப்பியிருப்பான், மேனேஜரை அமுக்கிவிடலாம் என்று நடேசன் கிளம்பத் தயாரானான். எவாஞ்சலின் நகரவில்லை. எல்லாம் ஒரே ஆளா என்று லூர்துராஜிடம் கேட்டாள். இல்லை என்றார் அவர். ஒன்றில் அணுக்கள் சின்னதாக, வெளிறி இருக்கின்றன. இன்னொன்றில் ஆஸ்துமாக்காரனுக்கு இருக்கிற மாதிரி அலர்ஜி அணுக்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றில் மலேரியா. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள்.

“நீ திருடனா இருந்தா எத்தனை பேர் விரலைக் குத்துவ நடேசா?”

“ஒருத்தன் போதும். கூட்டு சேர்ந்தா எவனாவது உளறிடுவான்.”

“அதான். இங்க பேருக்கு ஒருத்தன் வந்து விரல் நீட்டியிருக்கான். தலைக்கு ஒருத்தனா வர்ற காரியம் திருட்டு இல்ல. வேண்டுதல்.”

நடேசனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. லூர்துராஜையும் மைக்ராஸ்கோப்பையும் ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மண்ணூருக்குத் திரும்பினார்கள்.

*

ரகு அதே பாயில், அதே கம்பளிக்குள் இருந்தான். காய்ச்சல் இறங்கி வியர்த்துக்கொண்டிருந்தது. எவாஞ்சலின் அவனை விட்டுவிட்டுச் செல்வமேரியிடம்தான் பேசினாள். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்காமல் விட்டதற்குத் தன்னைத்தானே மனசுக்குள் ஒரு அறை அறைந்துகொண்டாள்.

“டெஸ்ட் கிடையாதுன்னு உன்கிட்ட சொன்னது யாரும்மா?”

செல்வமேரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமல் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

ரகு எழுந்து உட்கார்ந்தான். மறைக்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

“மொதப் புள்ளைக்கு மாசாமாசம் உன் வெரலக் குத்தி ரத்தம் எடுத்தாங்க. புள்ள ரத்தமே இல்லாம வெளுத்துப் பொறந்துச்சு. என் கையாலதான பொதைச்சேன். இந்த தபா வுடக்கூடாதுன்னு நெனச்சேன். நீ சிந்தற ரத்தம் புள்ளையோடதாச்சே. அதான் என் வெரல எடுத்துக்கன்னு நீட்டிட்டேன்.”

கம்பவுண்டர் முதலில் முடியாது என்றிருக்கிறார். விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிருக்கிறது. முனிரத்தினம் ரகுவை ரூமுக்குள் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, பெண்டாட்டியை இப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோளில் தட்டிக் கொடுத்திருக்கிறார். மற்றவர்களுக்கும் சொல்லு, அவரவர் சம்சாரத்துக்கு அவரவர் வந்து கொடுக்கட்டும், பெண்களுக்குத் தெரிந்தால் பயப்படுவார்கள், அதனால் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். ரகு சொன்னான். கிளியம்மாள் புருஷன் சுப்பன் வந்தான். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், லாரியில் போகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஈயப் புகையே படாத ஆம்பளைகள். விரலை நீட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மனிதனின் பாசத்தை எடுத்து அவன் பிள்ளைக்கே விஷமாக ஊற்றியிருக்கிறான் அந்த இனிமையான ஆள். பெட்டியைக் கொடுக்கும்போது அவர் ஏன் பயப்படவில்லை என்பது எவாஞ்சலினுக்கு இப்போது விளங்கியது. உண்மை தெரிந்தால் மாட்டப்போவது பத்துப் புருஷன்மார்கள். எந்தப் பெண்டாட்டி தன் புருஷனைக் காட்டிக் கொடுப்பாள்?

செல்வமேரி ரகுவைப் பார்த்துக் கேட்டாள்.

“ரத்தம் எடுத்ததால புள்ள சாவல. அந்த ரத்தத்துல விஷம் இருந்துச்சு, அத எடுத்துப் பாத்தவன் மறைச்சிட்டான். எனக்கு இன்னா வேணும்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?”

அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். கம்பெனிக்குப் போகலாம் என்றாள்.

*

மூன்று மணி. சங்கு ஊதியது. கேட்டுக்கு உள்ளே, செக்யூரிட்டி ரூம் நிழலில் முனிரத்தினமும் இன்ஸ்பெக்டர் நரசிம்மனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நரசிம்மன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற, களைத்துப்போன அதிகாரி. எவாஞ்சலின் பெட்டியை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

முனிரத்தினம் பதறவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்றார். ஏமாற்றியது தொழிலாளிகள்தானே, அந்த ஆண்கள் மேல் நானே கேஸ் கொடுக்கிறேன் என்றார். ஷிப்ட் முடிந்து வந்த பெண்களும், ஷிப்டுக்கு வந்திருந்தவர்களும், புருஷன்மார்களும் கேட்டருகில் தேங்கினார்கள். அவர் அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார். கிளியம்மாளின் முழங்கையைச் சுப்பன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

நரசிம்மன் கண்ணாடியைத் துடைத்தார். மேளக்குச்சி, மலேரியா எல்லாம் எனக்குப் பிடிபடாது, எனக்கு வேண்டியது பெண்களின் ரத்தம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன், தானாக முன்வந்தால் என் கண் முன்னாலேயே எடுங்கள் என்றார்.

“விரல் நீட்டறவங்க நாளைக்கு இந்த கேட்டுக்குள்ள வர வேண்டாம்” என்றார் முனிரத்தினம்.

செல்வமேரி முன்னால் வந்தாள். செக்யூரிட்டியின் மேஜையில் இருந்த டீ டம்ளரை நகர்த்திவிட்டுக் கையை வைத்தாள்.

“வரல. ஆனா வெரல நீட்டாம போவ மாட்டேன். இது என் வெரலு. யார் தோள்லயும் தட்டிக் குடுத்து இத வாங்க முடியாது.”

லூர்துராஜ் ஊசியால் குத்தினார். துளியை ஸ்லைடில் தடவிக் காயவைத்துச் சாயம் ஊற்றினார். சாயம் ஊறும்வரை எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பி, இன்ஸ்பெக்டரைக் குனியச் சொன்னார். நரசிம்மன் பார்த்தார். சிவப்பு அணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரிந்தன.

அதற்குள், கூடவே வந்து ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்த ரகு இறங்கி வந்தான். கம்பளி இன்னும் தோளில் இருந்தது. லோடிங் ஆட்களைப் பார்த்து நின்றான்.

“உங்கள இட்டாந்தது நான்தான். என் புள்ளைய நானே திரும்பக் கொல்லப் பாத்தேன். பொண்டாட்டி கைய வுடுடா சுப்பா.”

சுப்பன் விடுவதற்கு முன்னாலேயே கிளியம்மாள் உதறிக்கொண்டு வந்துவிட்டாள். காலையில் காற்றுகூட விடாத வாய், மேனேஜர் காதுபட அவரை ஒரு வார்த்தை சொன்னது. அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. நடேசன் அதை ரசித்துத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அவளுடைய ஸ்லைடையும் நரசிம்மன் குனிந்து பார்த்தார். அவள் சிவப்பு அணுக்களிலும் நீலம் கொட்டிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். களைப்பு எங்கே போனதோ தெரியவில்லை. மீதிப் பேர் ரிசல்ட் வருகிறவரைக்கும் உருக்கும் அடுப்பு எரியக் கூடாது, ஒரு பெண்ணும் அந்த ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, பெட்டி என்னோடு வருகிறது, நீங்களும் உங்கள் கம்பவுண்டரும் என் ஆபீஸுக்கு வருகிறீர்கள் என்று முனிரத்தினத்திடம் சொன்னார். வேலையை விட்டு யாரையாவது நீக்கினால் அதையும் இதோடு சேர்த்து எழுதுவேன் என்றார். முனிரத்தினத்தின் இனிமை முதல் தடவையாக வற்றியது.

மேஜைக்கு முன்னால் வரிசை சேர்ந்திருந்தது. சிலருடைய புருஷன்மார் கூடவே வந்து நின்றார்கள். சிலர் தூரத்திலேயே நின்றார்கள். கம்பெனிப் பெட்டியில் பெயர் இருந்தவர்கள் எல்லாரும் விரல் நீட்டி முடித்துவிட்டார்கள். லூர்துராஜ் ஊசியைக் கீழே வைக்கப் போனார்.

அப்போது அதே ஷெட்டில் வேலை செய்யும் இன்னொரு பெண் வந்து நின்றாள். இந்த ஆவணியில்தான் கல்யாணமானவள், பெயர் நிலா. அவள் புருஷன் இனியவன் லோடிங் ஆட்களோடு நின்றிருந்தான். மூன்று மாதம் முடிகிறவரை இந்தப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்று பெற்ற தாயிடம்கூடத் தள்ளிப் போடுவார்கள்.

“நீ எதுக்கும்மா நிக்கற? இது முழுகாம இருக்கறவங்களுக்கு மட்டும்தான்” என்றார் நரசிம்மன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இனியவன் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தான்.

“தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு நிலா விரலை நீட்டினாள்.